நேற்றே கிளம்பிய பாஸ்போர்ட்

அத்தியாயம் – 17

“பாஸ்போர்ட் எங்க மாமா?”

“அது நேத்தே கெளம்பிருச்சும்மா.”

வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே முக்கால். மணவாள நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன் என்று சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார் என் மாமனார் அப்பாவு. நான் திறந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் புருஷனிடம் போவதற்கு இது நாலாவது தேதி. முதல் தேதி அஷ்டமி என்று போனது. இரண்டாவது கரிநாள். மூன்றாவது தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மாமனாரின் பங்காளி ஒருவர் கண்ணை மூடிவிட்டார், தீட்டு. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாதாம். “கல்யாணமாகி நாலு வருஷமாச்சு மாமா” என்று சொல்லிப் பார்த்தேன். அந்த நாலு வருஷத்தில் நானும் பார்த்திபனும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தமே ஐந்து மாதம். அந்தக் கணக்கில் பார்த்தால் நாங்கள் இன்னும் புது ஜோடிதான் போலிருக்கிறது.

விசாவுக்கு ஆடியும் தெரியாது, அஷ்டமியும் தெரியாது. உள்ளே நுழையக் கடைசி நாள் என்று அதில் இன்றைய தேதிதான் போட்டிருந்தது. இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் மஸ்கட் விமான நிலையக் குடியேற்றக் கவுன்டரில் நான் நிற்காவிட்டால் அது வெறும் காகிதம். மறுபடி முதலிலிருந்து எழுதிப் போட்டு வாங்க எட்டு மாதம் ஆகுமோ பத்து மாதம் ஆகுமோ, யாருக்கும் தெரியாது. பார்த்திபனுக்குக் கம்பெனியில் கொடுத்திருக்கும் இரண்டு அறை வீடும் அதற்குள் வேறு யாருக்காவது போய்விடும்.

“கெளம்பிருச்சுன்னா என்ன மாமா அர்த்தம்?”

“இன்னைக்கு வெள்ளிக்கெழம. மேக்கால சூலம். நீ போற ஊரு மேக்கால. நேத்து நல்ல நேரத்துல பரஸ்தானம் வெச்சுட்டேன்.”

பரஸ்தானம் எனக்குத் தெரியாததல்ல. கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் நம் பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கள் வீட்டிலும் செய்வார்கள். ஒரு புடவை வைப்பார்கள், ஒரு துண்டு வைப்பார்கள்.

“ஒரு புடவைய வெச்சிருக்கக் கூடாதா மாமா?”

“பொடவையா பிளேன் ஏறப் போவுது? பாஸ்போர்ட் இல்லாம நீ போவ முடியுமா? அப்ப அதானே பயணம்?”

நியாயமான பேச்சுதான். அந்த நியாயத்தைக் கேட்டுச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நேற்று முழுவதும் நான் ஆர்.கே.பேட்டையில் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். ராத்திரி வந்த களைப்பில் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

“எந்த வீட்டுல வெச்சீங்க?”

“நம்ம தெருவுல மேக்கு கோடி. இம்மானுவேல் ஊடு.”

இரண்டு குடும்பமும் சொந்த ஊரில் இருந்தவரைக்கும் இம்மானுவேலின் அப்பா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். அந்தக் காலத்தில் அந்த வீட்டு வாசற்படியை என் மாமனார் மிதித்ததில்லை. சூலம் என்றதும் படியேறிப் போய் என் தலையெழுத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்தேன்.

“பன்னெண்டு மணி வரைக்கும் ராவுகாலம்மா. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போ” என்றார் பின்னாலிருந்து. நான் நிற்கவில்லை.

இம்மானுவேல் வீட்டில் பூட்டு தொங்கியது.

போன் போட்டேன். காக்களூரில் வேலையிலிருந்த இம்மானுவேல் முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“அக்கா, அது மோனிகாகிட்ட கீது. பூட்டுன ஊட்ல அவ்ளோ பெரிய பொருள உட்டுட்டுப் போவ பயமா கீதுன்னு கைப்பையிலியே வெச்சு எடுத்துக்கினு போயிட்டா.”

“எங்க எடுத்துக்கிட்டுப் போனா உன் பொண்டாட்டி?”

“வேலைக்குத்தான்க்கா. கும்மிடிப்பூண்டி.”

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேற்கே போவதற்காகக் கிளம்பிய பாஸ்போர்ட் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. மோனிகாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில்தான் கிடக்கும். நானும் காக்களூரில் ஆறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தவள்தானே, எனக்குத் தெரியாதா?

என் கொழுந்தன் விமல், நண்பன் குப்புராஜிடம் இரவல் வாங்கிய காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் துணியைத் தூக்கிப் போட்டான்.

“நைனா, உன்னால பேஜாரா போச்சு! ஏறுங்க அண்ணி.”

மாமனாரும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். அத்தை லட்சுமியம்மாள் என் பெட்டியையும் ஊறுகாய் டப்பாவையும் பின்னால் திணித்தாள். என் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். சரியாக மணி பன்னிரண்டு இருபது.

வண்டி வெங்கலைத் தாண்டியது. அப்புறம் மாமனார்தான் ஆரம்பித்தார்.

“எதுக்கு இப்டி மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு வர்றீங்க? பிளேன் ஏழே முக்காலுக்குத்தானே? போற நேரமே ரெண்டரை மணி நேரம். நம்ம ஊர்லேர்ந்து கோயம்பேடு போற நேரம்.”

“நாலு மணி நேரம் மாமா.”

“டிக்கெட்ல போட்டுக்கீதே. ஏழு நாப்பதுக்கு ஏறுனா பத்து பத்துக்கு எறக்கம்.”

“அது அந்த ஊரு கடியாரம் நைனா” என்றான் விமல். “அங்க நம்மளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் கீது. ரெண்டரை மணி நேரத்துல எப்டிப் போவ முடியும்?”

“கடியாரம் ஊருக்கு ஊரு மாறுமா? ஆகாயத்துல சூரியன் ஒன்னுதானே?”

விமல் ஹாரனை அழுத்தினான்.

இந்தத் தூரக் கணக்கை நான் மூன்று மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து மஸ்கட் ஆகாய வழியில் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரம். ராத்திரி தூக்கம் வராதபோது போனில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். கடல் தாண்டி நாலு மணி நேரத்தில் போய்விடலாம். மணவாள நகரைத் தாண்டுவதற்குத்தான் எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

பெரியபாளையத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. ஆடி வெள்ளி. வேன்களும் டிராக்டர்களும் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக ரோடே தெரியவில்லை. மேளச் சத்தத்தில் கார் கண்ணாடி அதிர்ந்தது.

“ஆடி வெள்ளின்னு தெரியும்தானே மாமா? இன்னைக்குப் போயா என்னை இந்த வழியில இழுத்துக்கிட்டு வரணும்?”

“நானா இழுத்தேன்? அந்தப் பொண்ணு எடுத்துக்கினு போவும்னு எனக்குத் தெரியுமா?”

முக்கால் மணி நேரம் அங்கேயே போனது. அந்த முக்கால் மணி நேரத்தில் விமானம் ஐந்நூறு கிலோமீட்டர் பறந்திருக்கும். நாங்கள் ஒரு பூக்கடையிலிருந்து அடுத்த பூக்கடைக்குப் போயிருந்தோம். என் பொறுமை எப்போதோ செத்துவிட்டது. மாமனாரோ கண்ணாடியை இறக்கி, அம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டாரோ, அவருக்கே வெளிச்சம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மோனிகாவின் கம்பெனி வாசலுக்கு வந்தபோது இரண்டு இருபத்தைந்து. முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதில் மோனிகாவைக் காணோம்.

“அந்தப் பொண்ண மாத்திவிட ரிலீவர் வரலம்மா. ஓவர்டைம்ல நிக்குது” என்றார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி, பதிவு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“பாஸ்போர்ட் அவங்க கையில இருக்குதுங்க. எனக்கு இன்னைக்கு ஃபிளைட்டு.”

“உள்ள சொல்ல எனக்குப் பர்மிஷன் இல்லம்மா.”

மாமனார் முன்னால் வந்து, “ஐயா, கொஞ்சம் பெரிய மனசு பண்ணி…” என்று தொடங்கினார். செக்யூரிட்டியிடம் கெஞ்சினால் எதுவும் நடக்காது. அது எனக்கு ஆறு வருஷத்துப் பாடம்.

“ஷிப்ட் இன்சார்ஜ் யாரு? இன்டர்காம்ல நம்பர் போடுங்க. லைனை நிறுத்த வேணாம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஆள் மாத்தி விடச் சொல்லுங்க. நான் பேசறேன்.”

அவர் இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “எந்த கம்பெனிம்மா நீங்க?” என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தார். மறுமுனையில் வந்தவர் ஸ்டீபன் என்றார். நான் இரண்டே வரியில் சொன்னேன். எரிச்சலோடு “ஆள் அனுப்பறேன்” என்றார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மோனிகா தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். கைப்பைக்குள்ளிருந்து எடுத்தாள். டிபன் பாக்ஸ் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு பிளாஸ்டிக் கவரும் ஒரு துண்டும் சுற்றியிருந்தாள். நான் அட்டையைத் தொட்டதும் அழுதுவிட்டேன்.

“அக்கா, அழுவாதக்கா. எனக்கு எதுவும் தெரியாதுக்கா. நான் கால்ல விழாத கொறையா கேட்டேன், காலைலியே எழுப்பிக் குடுத்துட்டுப் போறேன்னு. ஐயாதான் வேணாம்னாரு.”

“எந்த ஐயா?”

அவள் என் தோளுக்கு மேல் என் மாமனாரைப் பார்த்தாள்.

“நான் அவர்கிட்ட சொன்னேன்க்கா, நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ஊடு பூட்டியிருக்கும்னு. ‘நீயே எடுத்துக்கினு போ, பத்திரமா இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல வந்து குடுத்தா போதும், ஒன்னும் அவசரம் இல்ல’ன்னாரு.”

விமல் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் காரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

மோனிகாவைக் கட்டிப்பிடித்துவிட்டு நானும் போய் ஏறினேன். விமல் சாவியைத் திருப்பியபோது மூன்று ஐந்து.

“எமகண்டம் பொறந்துருச்சுடா” என்றார் மாமனார் மெதுவாக.

“மஸ்கட்ல இப்ப ஒன்னு முப்பத்தஞ்சு நைனா. அண்ணிக்கு எமகண்டம் இன்னும் வரல” என்று வண்டியை எடுத்தான் விமல்.

காரனோடை சுங்கச்சாவடி வரைக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கத்திவிடுவேன் என்று பயம். செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தபோது அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“அஷ்டமி, கரிநாள், தீட்டு, ஆடி. எல்லாத்துக்கும் தலையாட்டினேன் மாமா. எல்லாமே பொய்யா?”

“அஷ்டமி பொய் இல்லம்மா.”

“மாமா!”

அவர் திரும்பவில்லை. முன்கண்ணாடி வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நீ எங்ககூட கீற வரைக்கும் அவன் என்னைக்கினா ஒரு நாள் வருவான். வருஷத்துக்கு ஒரு தரம் இல்லன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம். நீயும் போயிட்டா அவன் எதுக்கும்மா வரப் போறான்? நானும் உங்க அத்தையும் கெடக்கறத பாக்கவா?”

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“பொருள அடுத்த வீட்டுல வெக்கிற மாதிரி நாலு வருஷமா என்னை வெச்சிருந்தீங்களா? உங்க புள்ள வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு? அப்ப நான் யாரு மாமா? மனுஷியா, பரஸ்தானமா?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் போன் அடித்தது. அத்தை.

“பாஸ்போர்ட் கெடச்சுதாடி?”

“கெடச்சுது அத்தை.”

“அந்த மனுஷன் இன்னா பேசினாலும் காதுல வாங்காத. நீ போ.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அவளுக்கு எவ்வளவு தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? கேட்க நேரமில்லை.

மாதவரம், மதுரவாயல், போரூர் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது ஆறு இருபத்தைந்து. ஆறு நாற்பதுக்குக் கவுன்டர் மூடிவிடும். மாமனார் பெட்டியை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், விமலின் தலையை மட்டும் தொட்டுவிட்டு ஓடினேன். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். ஊறுகாய் டப்பா வழியில் எங்கேயோ விழுந்தது, எடுக்கவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “மெதுவா வாங்க மேடம். ஃபிளைட்டு லேட்டு” என்றாள். “ஒன்பது இருபத்தஞ்சுக்குத்தான் கிளம்பும்.”

மூச்சு வாங்கியபடி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடி வந்த ஓட்டத்துக்குக் கிடைத்த மரியாதை இது.

அவள் விசாவைப் புரட்டினாள். தேதியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“இது இன்னைக்கோட முடியுதே மேடம். ஒன்பது இருபத்தஞ்சுன்னா, அங்க இறங்கும்போது அந்த ஊர் நேரம் பதினொன்னு அம்பத்தஞ்சு. அஞ்சே நிமிஷம்தான் இருக்கும். அதுக்குள்ள கவுன்டருக்குப் போயிட்டா சரி. போக முடியலைன்னா அவங்க என்ன செய்வாங்கன்னு எங்களால சொல்ல முடியாது. திருப்பி அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க. போறீங்களா?”

“ஒரு நிமிஷம்” என்று ஓரமாக வந்து பார்த்திபனுக்குப் போன் போட்டேன்.

“விமானத்துலேர்ந்து இறங்கி கவுன்டருக்கு வர எவ்ளோ நேரம் ஆகும்?”

“கூட்டம் இல்லன்னா பத்து நிமிஷம். ஏன்?”

சொன்னேன். நாலு வருஷம் காத்திருந்த மனுஷன். வா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

“நைனா இன்னா சொல்றாரு?” என்றான்.

நான் போனைக் கட் செய்துவிட்டேன். உடனே மறுபடி அடித்தது. அவன்தான் என்று நினைத்தேன். மாமனார்.

“ஏம்மா, பிளேன் லேட்டாமே. விமல் போன்ல பாத்துச் சொன்னான். அங்க அஞ்சு நிமிஷம்தான் மிஞ்சுமாமே.” கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவில் அவர் நிற்பது தெரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தார். “நான் போவாதன்னு சொல்லலம்மா. சத்தியமா சொல்லல. உள்ள உடலன்னா திரும்பி வந்து இங்க தனியா நிப்பியே. நான் விடியற வரைக்கும் இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்.”

அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. இதே மனுஷன்தான் நேற்றுத் தெருக்கோடிக்கு நடந்து போய், என் பாஸ்போர்ட்டைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பி வைத்தவரும்.

“மேடம், பெட்டியைப் போடறீங்களா?” என்றாள் கவுன்டர் பெண்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி எடைமேடையில் வைத்தேன்.

“வீட்டுக்குப் போங்க மாமா.”

“அப்ப நீ?”

பெட்டி நகர்ந்து, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

“நான் நேத்தே கெளம்பிட்டேன் மாமா” என்றேன்.